பங்குனிப் பெருவிழாவும் வெளிநாட்டு இன்டர்ன்களும்

உங்க ஆபீஸ்ல வெளிநாட்டு இன்டர்ன் யாராவது மார்ச் கடைசியில ஊருக்குக் கிளம்பறாங்களா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சென்னை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா தேதியைப் பார்க்கச் சொல்லுங்க. ஏழாம் நாள் காலை தேர், எட்டாம் நாள் மத்தியானம் அறுபத்துமூவர், அதாவது அறுபத்துமூணு நாயன்மார்களோட ஊர்வலம். ஒண்ணுக்குத்தான் நேரம்னா, அறுபத்துமூவர்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழை, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாலயே வாங்கிடணும். பெயர் பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே, இனிஷியலை விரிச்சு எழுதி, தொடங்கின, முடிஞ்ச தேதியோட இருக்கணும். கடைசி நாள் ஆபீஸ் மெயில் முடங்கிட்டா திருத்தம் கேட்டு அலையணும். தங்கியிருக்கிற பிஜில (பேயிங் கெஸ்ட் விடுதி) கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் பெரும்பாலும் ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கணும். விழாவுக்காக விசா தேதியைத் தாண்டித் தங்கறது மட்டும் வேண்டாம், ஏர்போர்ட்ல மாட்டிப்பாங்க.

மாட வீதிகளைக் கொடியேற்றத்துக்கு முன்னாடியே நிதானமா சுத்திடலாம். திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா நடைதான். தேரன்னிக்கு வீதி முனையில நிக்கக்கூடாது. அங்கே சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை கொடுத்துத்தான் தேரை வளைப்பாங்க, வடம் பக்கவாட்டுல இழுபடும், கூட்டம் பின்னால நெரிக்கும். வீதி நடுவுல, மோர்ப்பந்தல் ஓரமா நின்னா நல்லாப் பார்க்கலாம். பின்பட்டை வச்ச செருப்பு போடுங்க. ஹவாய் செருப்பு மிதிபட்டுக் கழண்டா குனிஞ்சு எடுக்க முடியாது.