மொன்ஷாவ் மாவட்டம்: 0.2 மில்லிமீட்டர் பெல்ஜியம்

இன்றோடு மூன்றாவது டிரேசிங் தாளும் வீண். 0.1 பேனாவால் இரண்டு கோடுகளை அருகருகே இழுத்து, நடுவில் பெல்ஜியத்தை விட வேண்டும். சொல்ல எளிது. வளைவு வந்ததும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புப் பட்டையாகிவிடுகிறது.

இல்லாமல் போன எல்லைகளை வரைவதுதான் என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், ஆகன் நகருக்குத் தெற்கே இருந்த மொன்ஷாவ் ஊரக மாவட்டம். 1816இல் அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யா உருவாக்கியது. 1972 ஜனவரி 1 அன்று கலைக்கப்பட்டது. சின்ன மாவட்டம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது நான்காவது மாதம்.

முதல் தப்பு வேலையைத் தொடங்கும்போதே நடந்தது. மாவட்டம் இருந்த ஜெர்மன் மாநிலத்தின் இன்றைய உள்ளாட்சி எல்லைக் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொன்ஷாவ், சிம்மராத், ரோட்கென் என்ற மூன்று உள்ளாட்சிகளையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சேர்த்து ஒட்டினேன். பழைய மாவட்டம் வந்துவிட்டது என்று அச்செடுத்து, கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்து வரையவும் ஆரம்பித்துவிட்டேன். பாதி வரைந்த பிறகுதான் கார் நம்பர் பிளேட் வடிவில் சந்தேகம் வந்தது.

ஜெர்மனியில் நம்பர் பிளேட்டின் முதல் எழுத்துகள் மாவட்டத்தைச் சொல்லும். 1956இல் வந்த முறையில் மொன்ஷாவுக்கு 'எம்ஓஎன்'. மாவட்டம் போனதும் அந்த எழுத்துகளும் போயின. 2012இல் விதியைத் தளர்த்தி, கலைந்துபோன மாவட்டங்களின் எழுத்துகளை மறுபடி தரலாம் என்றார்கள். எம்ஓஎன் திரும்பி வந்தது. ஆனால் அதை ஆகன் பக்கம் மட்டுமல்லாமல், கிழக்கே உள்ள டியூரன் மாவட்டமும் தருகிறது. டியூரனுக்கு இதில் என்ன வேலை?

விடை கலைப்புச் சட்டத்தில் இருந்தது. மாவட்டம் முழுசாக ஆகனோடு சேரவில்லை. ஷ்மிட், ஃபோசெனாக் ஆகிய இரண்டு ஊர்களும் டியூரன் பக்கம் போயிருக்கின்றன: ஷ்மிட் நிடெகன் நகரோடும், ஃபோசெனாக் ஹியூர்ட்கென்வால்டோடும். அதே நாளில் பக்கத்து ஷ்லைடன் மாவட்டமும் கலைந்து, அதிலிருந்த ஐன்ரூர் சிம்மராத்தோடு சேர்ந்திருக்கிறது. ஆக, என் வரைபடத்தில் இருக்க வேண்டிய இந்த இரண்டு ஊர்களும் இல்லை. இருக்கக் கூடாத ஊர் ஒன்று உட்கார்ந்திருந்தது. முதல் தாள் அப்படிப் போனது. (இந்த ஊர்ப் பக்கம் ஓடும் ரூர் ஆறு வேறு, நிலக்கரிக்குப் பேர்போன ரூர் ஆறு வேறு. ஜெர்மனில் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு. தமிழில் அதுவும் கிடையாது.)

ஷ்மிட்டைத் திரும்பச் சேர்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இரண்டாம் உலகப்போரில், 1944 நவம்பர் சண்டையில் நொறுங்கிப்போன ஊர் அது. போருக்குப் பிறகு ஜெர்மனியில் காபிக்குக் கடும் வரி, பெல்ஜியத்தில் விலை மலிவு. எல்லையோர மக்கள் இரவோடிரவாகக் காட்டு வழியே காபிக்கொட்டையைச் சுமந்து வந்தார்கள். காவலர் சுட்டதில் செத்தவர்களும் உண்டு. கடத்தல் வண்டிகள் துரத்தி வரும் காரின் டயரைக் கிழிக்க முள்ளாணிகளைச் சாலையில் கொட்டின. சுங்கத்துறை சளைக்கவில்லை, போர்ஷே காரின் முன்பக்கம் துடைப்பம் கட்டி, பெருக்கிக்கொண்டே துரத்தியது. 1953இல் வரியைக் குறைத்ததும் தொழில் படுத்துவிட்டது. ஷ்மிட்டின் தேவாலயத்தை மறுபடி எழுப்ப அந்தக் காபிக் காசும் உதவியதாம். பெயர் புனித ஹுபெர்டஸ் ஆலயம். ஊர் வழக்கில் 'புனித மோக்கா', மோக்கா என்பது காபியின் பெயர்.

சரி, அந்த மெல்லிய பெல்ஜியத்துக்கு வருகிறேன்.

மாவட்டத்தின் முதல் பெயர் மோன்ஷ்வா. பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று 1918இல் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் காலத்தில் மொன்ஷாவ் என்று மாற்றினார்கள். சில மாதங்களில் போரும் தோற்றது, பேரரசரும் போய்விட்டார். முதல் உலகப்போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தப்படி 1920இல் பக்கத்து ஆய்ப்பன், மால்மெடி பகுதிகள் பெல்ஜியத்துக்குப் போயின. அந்த இரண்டையும் இணைத்தது ஃபென்பான் என்ற ரயில் பாதை. 1885இல் ஆகனிலிருந்து மொன்ஷாவ் வரை ஓடத் தொடங்கியது. பாதை பெல்ஜியத்துக்கு வேண்டும். ஆனால் நடுவில் அது மொன்ஷாவ் மாவட்டத்துக்குள் புகுந்து போகிறது. ஊர்களை ஜெர்மனியிடம் விட்டுவிட்டு, தண்டவாளம் கிடந்த நிலத்தையும் நிலையங்களையும் மட்டும் பெல்ஜியத்துக்குக் கொடுத்து முடித்தார்கள். விளைவு, பாதைக்கு மேற்கே இருந்த ஜெர்மன் நிலமெல்லாம் தீவுகளாகிவிட்டது: கிழக்கே ரயில் பாதை பெல்ஜியம், மேற்கே நிஜ பெல்ஜியம்.

அந்தத் தீவுகளில் ஐந்து இன்றும் இருக்கின்றன. பெரியது மியூட்செனிஷ், ஒரு முழு கிராமம். சிறியது ரியூக்‌ஷ்லாக், ஒரு வீடும் அதைச் சுற்றிய நிலமும்தான். இப்போது ரயில் ஓடுவதில்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, ஆகனிலிருந்து லக்ஸம்பர்க் வரை சுமார் 125 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். ரயில் போனால் நிலம் திரும்பி வருமா என்று பேச்சு எழுந்தது, எல்லை அசையவில்லை. மாவட்டமே போய் ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. அதை அறுத்துப்போன கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

என் தாளின் அளவு ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. பாதை நிலத்தின் அகலத்தைப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் தாளில் அது 0.2 மில்லிமீட்டர். இரு பக்கமும் எல்லைக்கோடு போட்டால் நடுவில் மிஞ்சுவது தலைமுடி அளவு வெள்ளை. இரண்டாவது தாளில் மை அங்கேயே தேங்கியது. காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டினேன். ஐடிஐயில் கற்ற வித்தை: பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்ட வேண்டும். கை நன்றாகத்தான் போனது, தாள்தான் தாங்கவில்லை. கோன்ட்சன் என்ற ஊர் அருகே சின்ன ஓட்டை.

பள்ளியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, கண்ணுக்கே தெரியாததை எதுக்கு ரெண்டு கோடா போடறீங்க? சிவப்புல ஒரே கோடா போட்டுடுங்க."

"அது கோடு இல்லம்மா, நாடு."

"நாடுன்னு கீழே எழுதிடுங்க."

அவள் சொன்னதுதான் வழி. கொஞ்சம் கசந்தது, உண்மை. எல்லை என்றால் இரு பக்கமும் தெரிய வேண்டும் என்பது எனக்குள் ஊறிப்போன பிடிவாதம். நான்காவது தாளில் 0.3 பேனாவில் சிவப்பு மையால் ஒரே கோடு. நிலையங்கள் இருந்த இடத்தில் சற்றே தடித்த முடிச்சு. 'சிவப்புக் கோடு பெல்ஜியம்' என்று விளக்கக் கட்டத்தில் ஒரு வரி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ரியூக்‌ஷ்லாக் அரிசிக் குருணை அளவில் வந்திருக்கிறது. உள்ளே பெயர் எழுத வழியில்லை, அம்புக்குறி போட்டு வெளியே எழுத வேண்டும்.

எந்த ஆண்டு நிலவரம் என்று போடுவதிலும் கொஞ்சம் தடுமாறினேன். 1972 என்றால் மாவட்டம் இல்லை. 1920 என்றால் எல்லைக் குழு இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம். கடைசியில் தலைப்புக் கட்டத்தில் 31-12-1971 என்று போட்டேன், மாவட்டத்தின் கடைசி நாள். மாவட்டத்தை விழுங்கிய ஆகன் மாவட்டமும் 2009 அக்டோபரில் நகரத்தோடு சேர்ந்து 'ஆகன் நகரப் பிராந்தியம்' ஆகிவிட்டது. அது இன்னொரு தாள், இன்னொரு நாள்.

பாக்கி இருப்பது ஊர்ப் பெயர்கள். அவற்றை ஜெர்மன் எழுத்திலேயே எழுதுகிறேன். என்னிடம் உள்ள ஸ்டென்சிலில் தலைமேல் இரண்டு புள்ளி வைத்த 'யு' கிடையாது. மியூட்செனிஷுக்கு இரண்டு புள்ளி, ரியூக்‌ஷ்லாக்குக்கு இரண்டு புள்ளி. பழைய தாளின் ஓரத்தில் இருபது முறை வைத்துப் பழகிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கை நடுங்காத நேரத்தில் வைக்க வேண்டும்.