சிபி 750 மேசையில்: ஒரிஜினல் பார்ட் பார்க்கும் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025

மேசையில் ஏறியிருப்பது ஹோண்டா சிபி 750 மோட்டார் சைக்கிள், 1969. "உற்பத்திக்கு முந்தைய வண்டி" என்ற பேச்சும் அதோடு வந்திருக்கிறது. அதை இப்போதே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

இந்த மாடலில் மூன்று அடுக்கு உண்டு. டோக்கியோ கண்காட்சியில் 1968 அக்டோபரில் வண்டியைக் காட்டினார்கள். அதையொட்டி, வெளிநாட்டு டீலர்களிடமும் கண்காட்சிகளிலும் காட்டுவதற்காகக் கையால் கட்டியவை நான்கு. உற்பத்திக்கு முந்தையவை என்றால் அவைதான். அடுத்தது 1969-ல் விற்பனைக்கு வந்த முதல் 7,414 வண்டிகள். என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் சொரசொரப்பாக இருக்கும். 'சாண்ட்காஸ்ட்' என்ற பெயர் இவற்றுக்கு. அதன் பிறகு வந்ததெல்லாம் டை காஸ்ட், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சில் ஏற்றி வார்த்தவை. விற்கிறவர் வாயில் இரண்டாவது அடுக்கு முதல் அடுக்காகிவிடும், மூன்றாவது இரண்டாவதாகிவிடும்.

ஏன் இப்படி அடுக்கு விழுந்தது? ஆண்டுக்கு 1,500 போனால் போதும் என்ற கணக்கில்தான் ஹோண்டா இறங்கியது. அந்த எண்ணிக்கைக்கு விலை உயர்ந்த டை காஸ்டிங் அச்சு கட்டுபடியாகாது. ஆர்டர் வந்து குவிந்ததும் 1,500 என்பது மாதக் கணக்காயிற்று, பிறகு மாதம் 3,000. அச்சு மாறியது அதனால்தான். 2018-ல் இங்கிலாந்தில் அந்த நான்கில் ஒன்று ஏலத்தில் 1,61,000 பவுண்டுக்குப் போனது. போலி செய்ய அந்த ஒரு விலை போதும்.

இன்றைய வேலை படம் எடுப்பது மட்டும். தண்ணீர், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் படக்கூடாது. அழுக்கும் சாட்சிதான்.

ஜூன் 3

எண்கள். ஃபிரேம் எண் ஹேண்டில் கழுத்தில், சிபி750-1000001-லிருந்து தொடங்கும். என்ஜின் எண் மேல் கிராங்க்கேஸில், சிபி750இ-1000001-லிருந்து. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் தனித்தனி வரிசை, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தினால் எனக்கு மகிழ்ச்சி வராது, டார்ச் எடுக்கத்தான் தோன்றும்.

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய மேடையோடு படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். எண் குத்திய மேடையில் வார்ப்பின் சொரசொரப்பு இருக்கிறதா, அரம் ஓடிய கோடு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கோடுகள் ஒரே திசையில் ஓடி, மேடை சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக இருந்தால் பழைய எண்ணை அழித்திருக்கிறார்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. கண்ணுக்குத் தப்பும் எழுத்துச் சரிவும் இடைவெளியும் தாளில் தப்பாது. கழுத்தில் பெயிண்ட் தடித்திருந்தால் ரிமூவர் தடவித் துணியால் துடைக்கவும். கம்பி பிரஷ் வைத்த சக்கரம் அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஜூன் 5

கிராங்க்கேஸ். முதலில் பெயர்க் குழப்பம்: சாண்ட்காஸ்ட் என்று சொன்னாலும் மணல் அச்சு இல்லை. உலோக அச்சில், அழுத்தம் கொடுக்காமல், அலுமினியம் தன் எடையிலேயே இறங்கி நிறைந்த வார்ப்பு. மேற்பரப்பு மணல் வார்ப்பு மாதிரி இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். டை காஸ்ட் கேஸை மணலடித்துச் சொரசொரப்பாக்குவது அரை மணி நேர வேலை. மணலடித்த சொரசொரப்பு எங்கும் ஒரே அளவாக, மூலையிலும் விளிம்பிலும்கூட ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். நிஜமான வார்ப்பில் ஓரிடம் கரடு, ஓரிடம் வழவழப்பு. அச்சு சேர்ந்த கோடு அகலமாக இருக்கும், அதைக் கையால் தேய்த்துச் சமப்படுத்திய தடமும் தெரியும்.

உறுதியாகச் சொல்வது உள்பக்கம்தான். கிளட்ச் கவரைக் கழற்றி உள் சுவரைப் பாருங்கள். டை காஸ்டில் வார்ப்பை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகளின் வட்டத் தடங்கள் காசு காசாகத் தெரியும், சுவரும் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தக் கேஸில் ஒரு வட்டமும் இல்லை. ஆயில் கறை படிந்த உள் மூலைகளில் வெளியே இருக்கும் அதே கரடு. வெளியே மட்டும் மணலடித்திருந்தால் இது வராது. ஆக, குறைந்தது இரண்டாவது அடுக்கு என்பது உறுதி. முதல் அடுக்கா என்பது வேறு கேள்வி.

பிறகு இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் கவர். இந்த மாடலின் பேர்போன நோவு இங்கேதான். 67 குதிரைச் சக்தியை அந்தக் காலத்துச் செயின் தாங்கவில்லை. அறுந்த செயின் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, பின்னால் இருக்கும் கேஸ் சுவரைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். கவரைக் கழற்றி, 10 மடங்கு லென்ஸ் வைத்து அந்தச் சுவரை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வெல்டு ஏறிய இடம் தேய்த்து மறைத்திருந்தாலும் நிறம் கொஞ்சம் மாறும், வார்ப்பின் பொடி பொடியான கரடு அங்கே திடீரென்று நின்றுபோகும். விரல் நகத்தை இழுத்தால் கண்ணுக்கு முன்பே நகம் சொல்லும்.

இதில் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெல்டு இருக்கிறது. அதற்காகக் கேஸ் ஒரிஜினல் இல்லை என்று ஆகாது. சொல்லப்போனால் வெல்டு இருப்பது ஒரு ஆறுதல்: கேஸை மாற்றாமல், எண்ணோடு காப்பாற்றியிருக்கிறார்கள். ஸ்பேராக வாங்கிப் போட்ட கேஸ் என்றால் எண் இல்லாமல் இருக்கும், அல்லது யாரோ கையால் குத்திய எண் இருக்கும்.

ஜூன் 9

கிளட்ச் கவர் ஸ்க்ரூ: பத்து. ஆரம்ப வண்டிகளில் பத்துதான், பின்னால் வந்த கவரில் பதினொன்று. கவர் மட்டும் மாறியிருக்கலாம் என்பதால் கேஸிலும் துளையை எண்ணிப் பார்த்தோம். கேஸிலும் பத்து.

ஸ்க்ரூ, போல்ட் விஷயம்தான் எல்லோரும் அலட்சியமாக விடுவது. என்ஜின் கவர்களில் கம்பெனி போட்டது ஜப்பானிய அளவு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போட்டால் நுனி முழுசாக இறங்காமல் வழுக்கித் தலையை மழுங்கடிக்கும். அதனால் வெறுத்துப்போய் பலரும் ஆலன் போல்ட் மாற்றிவிடுவார்கள். ஆலன் தலை பார்த்தால் கவர் ஒரு முறையாவது கழன்றிருக்கிறது. கழற்றும்போது ஜப்பானிய நுனியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு திருப்பு. இல்லையென்றால் சாட்சியை நாமே அழித்தவர்களாவோம்.

அறுகோண போல்டில் ஸ்பானரே சொல்லிவிடும். 8 மி.மீ. போல்டுக்கு 12 ஸ்பானர், 10 மி.மீ. போல்டுக்கு 14 ஸ்பானர் பொருந்தினால் ஜப்பானிய வழக்கம். 13-ம் 17-ம் கேட்டால் ஐரோப்பிய அளவு, கடையில் வாங்கிப் போட்டது. தலையோடு சேர்ந்த அகலமான வாஷர் வட்டம் இருந்தால் அது பிற்காலத்துப் பாணி. இந்த வண்டியில் ஃபுட்ரெஸ்டில் இரண்டு, பின் மட்கார்டில் மூன்று 13 ஸ்பானர் போல்டுகள். அவ்வளவுதான்.

பூச்சும் பேசும். பழைய மஞ்சள் ஜிங்க் பூச்சில் பச்சையும் ரோஸும் கலந்து மயில் கழுத்து மாதிரி மின்னும். இப்போது போடும் பூச்சு பெரும்பாலும் ஒரே சீரான மஞ்சளாகவோ நீலம் பாய்ந்த வெள்ளையாகவோ வரும்.

ஜூன் 10

பார்ட் நம்பர் பற்றி ஒரு குறிப்பு, திரும்பத் திரும்பத் தேவைப்படும். ஹோண்டா எண் மூன்று துண்டு: முதல் ஐந்து இலக்கம் பார்ட் என்ன என்பது (17500 என்றால் பெட்ரோல் டேங்க்), நடு மூன்று இலக்கம் மாடல், கடைசி மூன்று திருத்தம். சிபி 750-ன் முதல் குறியீடு 300. பின்னால் கே1, கே2 என்று திருத்திய மாடல்கள் வந்தன; கே2 வந்தபோது 341. பார்ட்டின் மேல் 341 பார்த்தால் அது 1969 வண்டியோடு பிறந்ததில்லை. 300 பார்த்தால் பிறந்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்பேராக வந்ததிலும் 300 இருக்கும், கடைசித் துண்டில் திருத்தம் ஏறியிருக்கும்.

கார்புரேட்டர்: கெய்ஹின் 28 மி.மீ., நான்கு. ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று இறங்கி, டேங்குக்கு அடியில் நான்காகப் பிரிகிறது. ஆரம்ப வண்டிக்கு இதுதான் சரி. இழுக்க ஒன்று, தள்ள ஒன்று என இரண்டு கேபிளும் நான்கையும் சேர்க்கும் லிங்க் கம்பியும் பின்னால் வந்தவை. நான்கு கேபிளில் ஒன்று நீண்டாலும் ஐடிலிங் ஆடும். அந்தத் தொல்லை தாங்காமல் லிங்க் செட்டுக்கு மாற்றிய வண்டிகள் நிறைய.

ஜூன் 13

சைலன்சர் நான்கு. இந்த வண்டியில் விலை மதிப்பு அதிகம் ஏறுவதும், ஏமாற்று அதிகம் நடப்பதும் இங்கே. வரிசை இப்படி: முதலில் எந்த எழுத்தும் குத்தாதது, பிறகு எச்எம் 300, அதற்குப் பின் எச்எம் 341. எழுத்து இல்லாததுதான் அரிது என்பதால், எழுத்துள்ளதை வெல்டு நிரப்பித் தேய்த்துக் குரோம் போட்டு 'எழுத்தில்லாதது' ஆக்கிவிடுகிறார்கள். புதிதாகச் செய்து விற்கும் நகல்களும் உண்டு.

குரோமுக்கு மேல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே சின்ன கேமரா விடுங்கள். எழுத்து குத்தியிருந்த இடத்தின் உள்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், வெல்டு போட்டிருந்தால் சூட்டு நீலம் பாய்ந்திருக்கும். ஐம்பது வருஷத்து சைலன்சரின் உள்ளே கரியும் துருச் செதிலும் இருந்தே ஆக வேண்டும். வெளியே பழசு, உள்ளே பளிச் என்றால் நகல். உள்ளே தேங்கும் புகைநீர் தாழ்வான இடத்தைத்தான் முதலில் அரிக்கும். ஆக, கீழ் இரண்டு மேல் இரண்டைவிட மோசமாக இருப்பதே இயல்பு.

இங்கே மேல் இரண்டு எழுத்தில்லாதவை, கீழ் இரண்டு எச்எம் 300. கீழே அரித்துப்போய் மாற்றியிருக்கிறார்கள். நம்பும்படியான கதை. நான்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் அதிக நேரம் பார்த்திருப்போம்.

ஜூன் 16

பெயிண்ட். அந்த வருஷ நிறங்கள் மூன்று: நீலப்பச்சை, ரூபிச் சிவப்பு, தங்கம், மூன்றும் கேண்டி. கேண்டி என்றால் அடியில் வெள்ளி, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறம். வெயில் பட்டால் மேல் நிறம் வெளுக்கும், அடியில் வெள்ளி எட்டிப்பார்க்கும். ஆகவே ஒரிஜினல் டேங்கில் வெயில் படும் இடமும் படாத இடமும் வெவ்வேறு நிறம். சீட் மூக்கு மூடியிருந்த இடத்தையும் பேட்ஜுக்கு அடியையும் பாருங்கள். எங்கும் ஒரே நிறம் என்றால் மறுபெயிண்ட்.

தடிமன் மீட்டர் வைத்துப் பத்துப் பதினைந்து இடத்தில் அளக்கவும். 100 மைக்ரானை ஒட்டி வந்தால் நிம்மதி. 300-க்கு மேல் ஏறினால் அடியில் பட்டி. இந்த டேங்கில் வலது முட்டிப் பக்கம் மட்டும் 420, மற்ற இடமெல்லாம் 90-130. ஒரே ஒரு டிங்கரிங்.

ஏர் ஃபில்டர் பெட்டி டேங்க் நிறத்தில் இருக்கிறது. கே1-ல் அது கறுப்பு. பல 'சாண்ட்காஸ்ட்' வண்டிகள் இந்த ஒரு பெட்டியிலேயே மாட்டிக்கொள்ளும். சீட்டின் வால் மேல்நோக்கி வளைந்திருப்பதும் சரி. ரிம்: முன் 19 அங்குலம், பின் 18. இரண்டிலும் ரிம் செய்த டிஐடி கம்பெனியின் முத்திரை.

ஜூன் 20

இனிதான் சிக்கல். இடது பக்கம் செயின் கார்டைப் பிடிக்கும் ஒரு பிராக்கெட் எந்தப் பார்ட்ஸ் புத்தகத்திலும் இல்லை. எண் இல்லை. ஓட்டை பஞ்ச் அடித்ததாக இல்லை, துரப்பணம் போட்டது. பின் விளிம்பில் பிசிறு அப்படியே இருக்கிறது. வளைவில் பிரஸ் தடம் இல்லை, வைஸில் பிடித்து வளைத்த பல் தடம் இருக்கிறது.

உற்பத்திக்கு முந்தைய வண்டியில் கையால் செய்த பார்ட் இப்படித்தான் இருக்கும். ஊர் ஓரத்து லேத் பட்டறையில் செய்ததும் இப்படித்தான் இருக்கும். பார்ட்ஸ் புத்தகம் உற்பத்தி வண்டிக்கு எழுதியது, இங்கே உதவாது.

பார்க்க வேண்டியது அடியில். பிராக்கெட்டைக் கழற்றினால் ஃபிரேமில் அதன் நிழல் இருக்கிறதா? வாஷர் அழுத்திய வட்டம் ஒன்றா, இரண்டா? அதன் கீழே இருப்பது முதல் பெயிண்டா, இரண்டாவதா? இங்கே வட்டம் இரண்டு: ஒன்று பெரிது, ஒன்று சிறிது, மையம் 1 மி.மீ. விலகியிருக்கிறது. பெரிய வட்டம் முதல் கறுப்புப் பெயிண்டில் ஆழமாக இறங்கியிருக்கிறது. சிறியது, அதாவது இப்போதைய பிராக்கெட்டுடையது, மேலே பூசிய இரண்டாவது கறுப்பை மட்டும் அழுத்தியிருக்கிறது. அப்படியென்றால் முதலில் இருந்தது வேறு, இது பிறகு வந்தது.

ஜூன் 21

முதல் அடுக்குக் காட்சி வண்டிகளின் பழைய படத்தோடு ஒத்துப்பார்த்தல். அளவுகோல் வண்டியிலேயே இருக்கிறது: முன் டிஸ்க் 296 மி.மீ. இடது பக்கப் படத்தில் டிஸ்க் 370 புள்ளி வந்தால் ஒரு புள்ளி 0.8 மி.மீ.; 50 புள்ளி அகலப் பார்ட் 40 மி.மீ. ஹேண்டிலோ வண்டியோ திரும்பியிருந்தால் டிஸ்க் முட்டை வடிவமாகும். நீளமான அச்சை எடுங்கள். டிஸ்க்கின் தளத்திலிருந்து தள்ளி இருக்கும் பார்ட்டுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். டிஸ்க் இடது பக்கம் மட்டும்தான், வலது பக்கப் படத்துக்கு ரிம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை: காட்சி வண்டியைக் காட்சிக்குக் காட்சி மாற்றியிருப்பார்கள். ஜனவரிப் படத்தில் இருப்பது ஏப்ரல் படத்தில் இல்லை என்பதால் எதுவும் பொய்யாகிவிடாது. படத்தின் தேதி தெரியாமல் அளந்து பயனில்லை.

ஜூன் 24

முடிவு: ஆரம்பத்து சாண்ட்காஸ்ட், உற்பத்திக்கு முந்தையது இல்லை. பிராக்கெட் பின்னால் சேர்ந்தது. அதை வீசவில்லை. எடுத்த இடம், தேதி, வட்டங்களின் படம் மூன்றையும் சேர்த்துத் தனிப் பையில் போட்டு எண் 47 என்று எழுதியாயிற்று. 13 ஸ்பானர் போல்டு ஐந்தும் பை 48. மேல் சைலன்சர் இரண்டுக்கும் குரோம் வேண்டாம், உள்ளே ஆயில் மட்டும் விட்டுச் சுழற்றி வடித்தோம். டேங்கின் 420 மைக்ரான் பட்டியைத் தொடவில்லை. சுற்றியுள்ள பெயிண்ட் முதல் பெயிண்ட், அதை உப்புத்தாள் தொட்டால் திரும்ப வராது. கிளட்ச் கவருக்குப் புது கேஸ்கெட், அதே பத்து ஸ்க்ரூ.