சல ரிப்போர்ட்டில கிடந்த அந்த ஒரு வரி

எனக்கு 62 வயசு, சீனி வருத்தம் வந்து 15 வருசம். போன மாரிக்க ஒருநாள் இரவு சலம் அடைச்சுப் போச்சு, ஒரு சொட்டும் வரேல்ல, அடிவயிறு கல்லு மாதிரி. கோண்டாவிலில இருந்து ஓட்டோவில கொண்டுபோய் சலக்குழாய் போட்டாப்பிறகுதான் உயிர் வந்தது. புரொஸ்ரேட்டில, அதுதான் ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில, கிருமி எண்டு அன்ரிபயோட்டிக் தந்தவை. குளிசை முடிய காய்ச்சல் விடும், நாலு நாளில திரும்ப வரும், பிறகு வேற குளிசை, பிறகு ஊசி, இப்பிடியே ரெண்டு மாசம். கதிரையில இருக்கேலாது, ஆசனவாய்க்கு முன்னால ஆணி ஏத்தின மாதிரி நோவு. வெக்கத்தில பெடியளுக்கு நாரி நோவு எண்டுதான் சொல்லி வைச்சனான், அது நான் விட்ட பெரிய பிழை.

மனிசி எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு துணிக்கடைப் பையில போட்டு வைச்சிருந்தவ. மூண்டாவதாக் காட்டின டொக்டர் அந்தப் பையை வாங்கி, மேசையில பரப்பி, திகதிப்படி அடுக்கினார். மூண்டு சல ரிப்போர்ட்டிலயும் பக்டீரியா வளரேல்ல, ஆனா மூண்டிலயும் கீழ ‘ஈஸ்ற் செல்ஸ்’ எண்டு ஒரு வரி. ஈஸ்ற் எண்டா ஒரு வகைப் பங்கசு, பூஞ்சணம். முந்திப் பாத்தவை அதைக் கணக்கெடுக்கேல்ல. குழாய் போட்ட ஆக்களின்ர சலத்தில ஈஸ்ற் இருக்கிறது வழமைதானாம், அதுக்கெல்லாம் மருந்து குடுக்கிறேல்லயாம், ஆனா காய்ச்சலும் நோவும் விடாட்டி அதைத் தேடிப் பாக்கத்தான் வேணும் எண்டு ஆறுதலா இருந்து விளங்கப்படுத்தினவர்.

பின்வழியால ஸ்கான் செய்ய, புரொஸ்ரேட்டுக்குள்ள சீழ் கட்டியிருந்தது. ஊசியால இழுத்து, பங்கசுக்கெண்டு தனியாக் கல்ச்சர் போட கன்டிடா வளந்தது. வாயில வெள்ளை படியுமே, அதே சாதிப் பங்கசு. புரொஸ்ரேட்டில வாறது மிச்சம் அருமையாம், சீனி, குழாய், மாறி மாறி அன்ரிபயோட்டிக், மூண்டும் சேர்ந்துதான் இடம் குடுத்திருக்கு எண்டார்.

பழைய குழாயைக் கழட்டிப் புதுசு போட்டு, ஃபுளுகோனசோல் எண்ட பங்கசு மருந்து ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஆறு கிழமை. புரொஸ்ரேட்டுக்குள்ள நல்லா இறங்கிற மருந்தாம். ஈரலுக்கு இடைக்கிடை இரத்தம் சோதிச்சவை.

ஒண்டு கட்டாயம் சொல்லோணும். நான் சீனிக்கு கிளிக்கிளசைட் போடுறனான், அதை இந்த டொக்டருக்குச் சொல்லேல்ல. அஞ்சாம் நாள் விடியப்புறம் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சாரம் நனைஞ்சு போச்சு. மனிசி விரலில குத்திப் பாத்தா சீனி 54. பனங்கட்டியைக் கரைச்சுப் பருக்கினவ, கால் மணித்தியாலத்தால தான் கதைக்கவே ஏலுமா இருந்தது. ஃபுளுகோனசோல் கிளிக்கிளசைட்டின்ர வேகத்தைக் கூட்டுமாம். பிறகு சீனிக் குளிசையைக் குறைச்சு விட்டவை. சீனிக்காரர் ஆரும் இந்த மருந்து எடுத்தா, போடுற குளிசை எல்லாத்தையும் கையில கொண்டுபோய்க் காட்டுங்கோ.

ரெண்டாம் கிழமையோட காய்ச்சல் நிண்டது. ஆறாம் கிழமை ஸ்கானில கட்டி இல்லை, அண்டைக்கே குழாயையும் கழட்டினவை. ரெண்டு போத்தல் தண்ணி குடிச்சிட்டு வாட்டுக் கக்கூசுக்குள்ள நிக்கிறன், மனிசி கதவுக்கு வெளியில நிண்டு “போகுதோப்பா?” எண்டு கேக்கிறா. போச்சுது.