கொப்பியில் இருந்த கொழும்பு

ரொறன்ரோவில் விமானம் ஏறும்போது அம்மாவின் கைப்பைக்குள் மூன்று சாமான்கள்தான் இருந்தன. கடவுச்சீட்டு, பிரஷர் குளிசை, மட்டை கிழிந்த ஒரு கொப்பி. 1990இல் நாங்கள் வெளிக்கிட்டபோது கொழும்பு விலாசங்களை எழுதிவைத்த கொப்பி அது. ரெலிபோன் நம்பர்களில் பாதிக்கு ஆறே ஆறு இலக்கம். ஆள் காலமாகிவிட்டால் அம்மா பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுப்பா. அழிக்கமாட்டா, கோடு மட்டும்தான். சில பக்கங்களில் கோடில்லாத பெயரைத் தேடவேண்டியிருந்தது.

2024 ஆடி மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறை. மூன்று கிழமை. மனைவி சிகிரியா, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம் என்று ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவிடம் இருந்தது கொப்பி. சிகிரியாவை நாங்கள் பார்த்தது கட்டுநாயக்க விமான நிலையத்துப் போஸ்டரில்.

கொப்பிக்கும் ஒரு சட்டம் இருந்தது. முதலில் துக்க வீடுகள். நாங்கள் இல்லாத காலத்தில் ஆள் செத்த வீட்டுக்குப் போய் முகம் காட்டாமல், நல்லாயிருக்கிற வீட்டில் போயிருந்து கேக் சாப்பிடக்கூடாது. செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை. திரும்பும்போது சொல்லிக்கொண்டு எழும்புவதுமில்லை. பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கவேண்டியதுதான். முதல் சில நாள்களும் அப்படித்தான் ஓடின. வெள்ளவத்தையில் இரண்டு வீடு, தெஹிவளையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று. நானும் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் திரும்பிவர, பிள்ளைகள் பெரியம்மா வீட்டில் நெக்டோ சோடா குடித்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியம்மா வீடு என்றால், அஞ்சாம் மாடி. காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் முந்தி அவவுக்கு ஒரு தனிவீடு இருந்தது. முற்றத்தில் மாமரம், பின்னுக்குக் கிணறு. காணியைக் கட்டிடக்காரரிடம் கொடுத்து, எழும்பிய தொடர்மாடியில் இரண்டு வீடு வாங்கிக்கொண்டா. ஒன்றில் இருக்கிறா, மற்றதை வாடகைக்கு விட்டிருக்கிறா. கெட்டித்தனம் என்று சொந்தக்காரர் மெச்சுகிறார்கள். லிஃப்ட் பழுதான இரண்டு நாளும் அந்தக் கெட்டித்தனத்தை நான் படி படியாக உணர்ந்தேன்.

குசினி யன்னலால் பார்த்தால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் ஒரு சாண் கடல் தெரிகிறது. சின்ன வயதில் அதே காணியில் பாயைப் போட்டுப் படுத்தால் கோச்சிச் சத்தமும் அலைச் சத்தமும் மாறி மாறி வரும். ஒழுங்கை தண்டவாளத்தோடு முடிந்துவிடும், அங்கால் பாறையும் கடலும். இப்போது தண்டவாளத்துக்கு இங்கால் மரைன் டிரைவ் ஓடுகிறது. பின்னேரத்தில் ஆட்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் நடக்கிறார்கள்.

மகளுக்கு வெள்ளவத்தையில் பிடித்தது மாம்பழக் கடைகள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்தில் காய்க்கிற பழத்துக்கு ஏன் கொழும்பின் பெயர் என்று கேட்டாள். பெரியம்மா கத்தியை நிறுத்தாமலே, "கொழும்புக்கு வந்தாத்தானே பிள்ளை விலை" என்றா. வந்து ஏறிய எங்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னாவோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்க முடியாத நாள், ஆகவே கொச்சிக்கடை அந்தோனியார். நாவலர் வழிவந்த சைவம் என்று மார்தட்டும் அம்மா சறுக்குகிற ஒரே இடம் இது. செவ்வாய் அந்தோனியாரின் நாள். மெழுகுதிரியோடு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளில் ஒன்று வெடித்ததும் இந்தக் கோயிலில்தான். அன்று முழுநாளும் ரொறன்ரோவில் ரெலிபோனும் கையுமாக இருந்த அம்மா, இங்கே வந்து நின்று தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

அங்கிருந்து நடை தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை முழுக்கக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். சுதை இல்லை, பச்சை நீலப் பூச்சு இல்லை. வெளியில் கொளுத்தும் வெயிலில் வந்து அந்தக் கல்லில் கால் வைத்தால் உச்சிவரை குளிர்கிறது. அம்மா அப்பாவின் கலியாணம் இங்கேதான். எந்தத் தூணடியில் மணவறை போட்டது என்று காட்டப் போய் மூன்று தூண் மாற்றிக் காட்டினா. அப்பா இருந்திருந்தால் நாலாவது ஒன்றைக் காட்டியிருப்பார்.

தெஹிவளைக்குக் கோச்சியில் போனோம். வெள்ளவத்தையில் இருந்து ஒரே ஒரு ஸ்டேஷன், ஆனால் மகனுக்கு வாசலில் தொங்கவேண்டும். போனது எங்கள் பழைய பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவை, நோனாவைப் பார்க்க. 83 ஆடிக் கலவரத்தில் எங்களைத் தங்கள் வீட்டுப் பின்னறைக்குள் ஒளித்து வைத்திருந்தவ. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். எனக்கு அப்போது ஏழு வயது. கருவாட்டு வாசமும், இருமக்கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்தியதும்தான் நினைவில் இருக்கின்றன.

இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் அழுவார்கள் என்று நினைத்தேன். சண்டை பிடித்தார்கள். அம்மா, துருப்பிடித்த சிங்களத்தில், இரண்டு இரவு என்கிறா. நோனா நாலு இரவு என்கிறா. அம்மா பின்னறை என்கிறா. பின்னறையில் இரண்டாம் நாள் யன்னல் உடைந்தது, ஆகவே சாமான் அறைக்கு மாற்றினோம் என்கிறா நோனா. யன்னல் உடைந்தது அம்மாவுக்கு நினைவே இல்லை. நோனாவின் மகள் கிரிபத் பாற்சோறும் லுணு மிரிஸ் சம்பலும் கொண்டுவந்து நடுவில் வைத்த பிறகுதான் விரல் மடித்து எண்ணுவது நின்றது. திரும்பி வரும்போது கோச்சியில் அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் இறங்கியபோது, "நாலாயும் இருக்கும்" என்றா.

மற்ற வீடுகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா வீட்டிலும் ரோல்ஸ், பற்றிஸ், கேக், நெக்டோ. எல்லா வீட்டிலும் நான் மெலிந்துவிட்டேன், அல்லது கொழுத்துவிட்டேன். என்னோடு படித்தவன் ஒருவன் காலிமுகத்திடலுக்கு இழுத்துப்போய் இசோ வடை வாங்கித் தந்து, 2022இல் பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றதைக் கிரிக்கெட் மட்ச் மாதிரி வர்ணித்தான். மகன் தான் குடித்த நெக்டோவுக்குக் கணக்கு வைத்திருந்தான், 23 போத்தல். கூடவே ஒரு வாசகமும் பழகியிருந்தான். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று, கனடாத் தமிழில், "போட்டு வாறம்!" போய்விட்டு வருகிறோம் என்று. அதைக் கேட்டதும் கிழவிகள் உருகிக் கன்னத்தைக் கிள்ளி, கையில் காசும் வைப்பார்கள். நல்ல வருமானம்.

கடைசி நாள் ஒரு வீடு மிச்சம் இருந்தது. அப்பாவின் சிநேகிதர் போன வருடம் காலமாகியிருந்தார். அன்ரி யாழ்ப்பாணத்துக்குப் போய், அன்று காலைதான் கொழும்புக்குத் திரும்பியிருந்தா. இரவு விமானம். பெட்டி கட்டுகிற அமளியில் பிள்ளைகளை விட்டுப்போக வழியில்லை, அவர்களும் வந்தார்கள். அன்ரி வெள்ளைச் சேலையில் கதிரையில் இருந்தா. மாலை போட்ட படத்தின் முன்னால் சின்ன விளக்கு. அப்பாவும் அவரும் ஒன்றாகத் திணைக்களத்துக்கு நூறாம் நம்பர் பஸ்ஸில் போன கதைகளை அன்ரி சொன்னா, அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. ஒரு மணித்தியாலத்தில் அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினா. சத்தம் போடாமல் எழும்பினோம். நான் செருப்பில் கால் நுழைக்கும்போது பின்னால் மகனின் குரல் கணீரென்று கேட்டது.

"அன்ரி, போட்டு வாறம்!"

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. மனைவி மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனோ காசுக்காகவோ கன்னத்துக்காகவோ அப்படியே நின்றான். அன்ரி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தா. பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவவுக்கு, கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி வாசல்வரை வந்தா.

"ஓமடா ராசா. வா. வரேக்க கொப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வா."