கக்கனைப் படித்துக்கொண்டிருக்கும் நாட்கள்

நவம்பர் 27

கண் விழித்ததும் அப்பா கேட்டது வைகை அணையின் நீர்மட்டத்தைத்தான். முழு அளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறவர், இந்த எண்களை மறப்பதில்லை. பெரியாறு கால்வாயில் மதகைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்தவர், மதகுச் சாவியை வீட்டு மாடத்தில் சாமிப் படத்துக்கு அருகில் வைத்திருந்தவர். “அது கக்கன் மந்திரியா இருந்தப்ப திறந்த அணை” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்களை மூடிக்கொண்டார்.

நவம்பர் 28

அப்பா சொன்னது சரி. அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 21 அன்று. காமராஜர் முதலமைச்சர்; பொதுப்பணித் துறை கக்கனிடம் இருந்தது. 1957 தேர்தலில் மேலூரில் வென்று அமைச்சரவைக்குள் வந்தவர் அவர். கள்ளந்திரிக்கு மேலே இருபோகம், கீழே எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பதுதான் பெரியாறு பாசனத்தின் ஏற்பாடு. அணையில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கீழே இருப்பவனின் வயல்தான். அந்தப் பக்கத்துத் தும்பைப்பட்டியில், நிலவுடைமையின் கடைசிப் படிக்கும் கீழே வைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவரின் கையெழுத்துக்காக மாநிலத்தின் அணைக் கோப்புகள் காத்திருந்தன என்பதை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 30

இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 2

நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருக்கும் பெரியவர் அந்தச் சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினார். மதுரையின் முதல் மேயரான மதுரை முத்துவை நலம் விசாரிக்க மதுரை அரசு மருத்துவமனைக்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., முன்னாள் அமைச்சர் கக்கன் அங்கேயே பொது வார்டில் கிடப்பதை அறிந்து ஓடிப்போய்ப் பார்த்ததையும், வசதியான அறைக்கு மாற்றச் சொன்னதையும் கண்ணில் நீர் தளும்பச் சொன்னார். அவர் சொன்ன விதம் என்னையும் தொட்டது. ஆனாலும் இரவெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர், 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்குச் சென்றவர், பத்து ஆண்டுகள் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று அடுத்தடுத்துப் பொறுப்பு வகித்தவர். இப்படிப்பட்ட ஒருவரை நாம் ஏன் எப்போதும் அந்தக் கட்டிலில் படுக்கவைத்தே நினைவுகூர்கிறோம்? அவருடைய வறுமையைப் போற்றுவது நமக்கு எளிதாக இருக்கிறது, அவருடைய வேலையைப் படிப்பதற்கு உழைப்பு வேண்டியிருக்கிறது. பதவியில் இருந்தபோது தனக்காக எதையும் சேர்க்காதவர் என்பதை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் எதையும் சேர்க்காமல் இருந்தது மட்டுமே அவர் செய்த காரியம் இல்லை.

டிசம்பர் 3

அப்பாவுக்குக் காய்ச்சல். எதுவும் படிக்கவில்லை.

டிசம்பர் 5

இன்று கொஞ்சம் பேசினார். 1939 ஜூலை 8 கோயில் நுழைவைப் பற்றி வாசித்துக் காட்டினேன். காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய தகப்பனார் ஊர்க் கோயிலில் பூசாரி, அதனால்தான் தகப்பனாருக்குப் பூசாரி கக்கன் என்று பெயர். சாமிக்குப் பூசை செய்கிறவரின் மகன், மதுரையின் பெரிய கோயிலுக்குள் கால் வைக்க முப்பது வயது தாண்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கூட நடந்தவர்களின் பெயர்களையும் வாசிக்கச் சொன்னார் அப்பா. முத்து, சின்னையா, பூரணலிங்கம், முருகானந்தம், சண்முக நாடார். மெதுவாக வாசித்தேன். பெயர்களை இன்னொரு தடவை கேட்டார்.

அதற்குப் பிந்தைய மூன்றே ஆண்டுகளில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம், கைது, அலிப்பூர்ச் சிறை.

டிசம்பர் 7

நீர்மட்டம் ஏறியிருக்கிறது, அப்பா பாதிக் கஞ்சி குடித்தார்.

டிசம்பர் 10

1965ஐத் தாண்ட முடியவில்லை.

பக்தவத்சலம் 1963 அக்டோபரில் முதலமைச்சரானபோது உள்துறை கக்கனுக்கு வந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம் எழுந்த நேரத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 25ஆம் தேதி மதுரையில் மோதல் மூண்டது, 27ஆம் தேதி சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், அடுத்து வந்த வாரங்களில் மேலும் பலர் இறந்தார்கள். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். மாநிலத்தின் உள்துறை அமைச்சர் பதவியில் நீடித்தார். பேருந்துக்குக் காத்து நின்ற எளிய மனிதரைப் பற்றிச் சொல்கிறவர்கள் எவரும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, இந்தப் பக்கத்தைப் பேசுகிறவர்கள் கக்கனின் பெயரை எடுப்பதில்லை. பழி முழுவதும் பக்தவத்சலத்தின் மேல் போய்விட்டது. கைசுத்தமான ஒருவரின் துறைக்குக் கீழே இருந்த காவல்துறை மாணவர்களைச் சுட்டது என்பதை நான் எங்கே வைப்பது? நேர்மைக்கும் பொறுப்புக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைக் கடக்காமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது அரைகுறையாகத்தான் இருக்கும்.

இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

டிசம்பர் 12

மயக்க மருந்து மருத்துவர் நாளை பார்ப்பாராம்.

டிசம்பர் 13

கேட்டுவிட்டேன். 1967இல் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று. அப்பாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, அதுதான் அவருடைய முதல் பொதுத் தேர்தல். 1962இல் சமயநல்லூரில் நின்று வென்ற கக்கன், அந்த முறை மேலூர் தெற்குக்குத் திரும்பி வந்திருந்தார். தி.மு.க.வின் ஓ. பி. இராமனுக்குப் போட்டதாக அப்பா ஒளிக்காமல் சொன்னார். அரிசிக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது, ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற பேச்சு ஊரெங்கும் கேட்ட ஆண்டு, கல்லூரிக்குப் போன சித்தப்பா போலீஸ் தடியால் அடிபட்டுத் தோள் வீங்கி வீடு திரும்பியதைப் பார்த்தவர் அவர். காமராஜரே விருதுநகரில் தோற்றார். கக்கனும் தோற்றார். சரியாகத்தான் போட்டேன், மறுபடி அதே நாள் வந்தாலும் அப்படித்தான் போடுவேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் கால்வாய்க் கரையில் வேலை பார்த்த அத்தனை வருடமும், மேலே எவனும் தண்ணீரை மறிக்காமல் கடைமடை வரைக்கும் அனுப்ப வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் அந்த மனுஷன் முகம்தான் வரும் என்று சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இதைவிட நியாயமாக அவரை எடைபோட்ட ஒரு கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

டிசம்பர் 14

66 அடி. முதல் எச்சரிக்கை. அப்பா ஆற்றங்கரை ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 16

தேதி குறித்துவிட்டார்கள். நாளைக் காலை ஏழு மணி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 1965ஆம் ஆண்டின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடித் தருவதாக நூலகர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்த விவாதங்களில் உள்துறை அமைச்சர் எழுந்து என்ன பேசினார் என்பதை அவருடைய சொற்களிலேயே படிக்க வேண்டும், அதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். மாலையில் நாளிதழை வாங்கி அவருடைய தலையணைக்கு அருகில் வைத்தேன். நீர்மட்டம் எந்தப் பக்கத்தில் வரும் என்று அவருக்கே தெரியும்.