இடுப்புவாரின் எடையும் ஒரு சிறிய உணரியும்

காவலர்களின் காயம் என்றதும் கைகலப்பும் துரத்தலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் துப்பாக்கி, கைவிலங்கு, வாக்கிடாக்கி தொங்கும் இடுப்புவாரோடும் குண்டு துளைக்காத கவசத்தோடும் வாகனத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திடீரென இறங்கி ஓடுவது, கீழ்முதுகையும் முழங்காலையும் ஓசையின்றித் தேய்ப்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இத்தேய்மானத்தை முன்கூட்டியே கவனிக்க, உடலில் அணியும் உணரிகள் உதவக்கூடும். தீப்பெட்டி அளவே உள்ள அக்கருவிக்குள், முடுக்கமானி வேகமாற்றத்தையும் ஜைரோஸ்கோப் சுழற்சியையும் நொடிக்கு 100 முறை அல்லது அதற்கும் மேலாகப் பதிவுசெய்கின்றன. இரு கணுக்கால்களிலும் இடுப்பிலும் அவற்றைப் பொருத்தி, ஒருவரை முதலில் சுமையின்றியும் பின்னர் முழுச் சுமையுடனும் நடக்கவும் குதித்திறங்கவும் செய்தால், தரையைத் தொடும்போது இடக்காலும் வலக்காலும் வாங்கும் அதிர்வின் வேறுபாடும், இடுப்பு சாயும் கோணமும் எண்களாகத் தெரியவரும். கேமராக்கள் சூழ்ந்த ஆய்வுக்கூடத்துக்குச் செல்லாமல் பணியிடத்திலேயே அளக்க முடிவதுதான் இதன் தனிச்சிறப்பு.

குறைகளும் உண்டு. ஜைரோஸ்கோப்பின் சிறு பிழைகள் நேரம் செல்லச் செல்லக் குவியும். உணரியைக் கட்டியுள்ள பட்டை நழுவினாலும் கணக்குத் தவறும். ஒரே அளவீட்டை வைத்து இவருக்குக் காயம் வரும் என்று சொல்வது ஏறக்குறைய சோதிடம்தான். அதே நபரின் பழைய பதிவோடு ஒப்பிட்டு, பயிற்சியையோ சுமை அமையும் இடத்தையோ மாற்றுவதே பயனுள்ளது. இத்தரவு மேலதிகாரியிடம் செல்லாமல் இயன்முறை மருத்துவரிடமே இருக்க வேண்டும்; இல்லையெனில் சோதனை நாளில் எல்லோரும் வலியை மறைத்து நிமிர்ந்தே நடப்பார்கள்.