கடைகளில் ஆங்கிலம் பழகுகிறேன்: 6 வாரக் குறிப்புகள்

இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்து 6 வாரம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் போவேன், அங்கே ஆங்கிலத்தில் மட்டும் பேசுவேன், திரும்பி வந்ததும் காதில் விழுந்ததை நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான் பயிற்சி.

முதல் இரண்டு வாரமும் ஒரே வாக்கியம். "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்டால் "ஐ'ம் ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்." அது தயங்காமல் வாயில் வந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

மூன்றாவது வாரம் துணிக்கடை. நோட்டில் பாதி அங்கே நிரம்பியது. போட்டுப் பார்ப்பதற்கு 'ட்ரை ஆன்'. சட்டை என்று பெயர் சொன்னால் 'ஆன்' அதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். 'இட்' என்றால் மட்டும் நடுவில்தான் நிற்கும்: "ட்ரை இட் ஆன்." இது பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் ஃபிட், சூட். இரண்டுக்கும் 'பொருந்துகிறது' என்றே பொருள் வைத்திருந்தேன். அளவு சரியாக இருந்தால் ஃபிட். போட்டுக்கொண்டால் எடுப்பாக இருந்தால் சூட். ஜீன்ஸ் ஒன்றே ஒன்றானாலும் பன்மைதான்: "ஹவ் மச் ஆர் தீஸ்?" பிடித்துவிட்டால் "ஐ'ல் டேக் இட்." நாமும் துணி 'எடுக்கிறோம்' என்றுதானே சொல்கிறோம்! அதனால் இது உடனே மனதில் ஒட்டிக்கொண்டது.

பேசுவதைவிடக் காதில் வாங்குவதுதான் கடினம். ஐந்தாவது வாரம் பில் போடுமிடத்தில் ஃபிஃப்டீன் என்றதை ஃபிஃப்டி என்று நினைத்து, கட்டுப்படியாகாது என்று பொருளை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 15 என்னும்போது 'டீன்' அழுத்தமாக, நீண்டு வருகிறது. 50 என்றால் அழுத்தம் முதல் அசையில், 'டி' சுருங்கிவிடுகிறது. இன்னும் சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

இந்த வாரம் ஒரு சட்டையை மாற்றப் போனேன். ரிசீட் என்பதில் 'பி' எழுத்து ஒலிக்காது என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "குட் ஐ எக்ஸ்சேஞ்ச் திஸ் ஃபார் எ லார்ஜர் சைஸ்?" கடைக்காரர் வேகமாக ஏதோ கேட்டார், புரியவில்லை. "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" இரண்டாம் முறை புரிந்தது: அந்த அளவு இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். "எஸ், எ ரீஃபண்ட் வுட் பி ஃபைன்" என்றேன். அந்த வாக்கியம் என் நோட்டில் இல்லாதது.